என்ஜின் கட்டிய பிறகு பிக்-அப் இல்லை: பழைய புல்லட் 350, பாயிண்ட்ஸ் மாடல்

அப்பா ஓட்டிய வண்டி, திறந்து மூடும் பாயிண்ட்ஸ் வைத்து ஸ்பார்க் கொடுக்கும் பழைய மாடல். போரிங் போட்டு, புது பிஸ்டன், வால்வு எல்லாம் மாற்றி என்ஜினைக் கட்டியாயிற்று. ஓரிரண்டு கிக்கிலேயே ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலிங்கும் அழகாக நிற்கிறது. ஆனால் த்ராட்டிலைத் திருகினால் இழுவையே இல்லை. ஆக்ஸிலேட்டரை விட்டால் சைலன்சரில் பட் பட் என்று வெடிக்கிறது. கொஞ்ச நேரம் நின்ற இடத்தில் ஓடினாலே பெண்ட் பைப் (என்ஜினிலிருந்து சைலன்சருக்குப் போகும் குழாய்) எக்ஸாஸ்ட் வால்வை ஒட்டிய இடத்தில் சிவந்துவிடுகிறது. இருட்டில் பார்த்தால் பயமாகவே இருக்கிறது.

பார்த்தவரை: பாயிண்ட் கேப் 0.38 மி.மீ. பிஸ்டன் உச்சிக்கு வர இன்னும் 0.8 மி.மீ. இருக்கும்போது பாயிண்ட் திறக்கிறது, சிகரெட் பேப்பர் வைத்துப் பார்த்தேன். வால்வைத் திறக்கத் தள்ளும் புஷ் ராட் இரண்டும் குளிர்ந்த என்ஜினில் விரலால் சுற்றினால் லேசாகச் சுற்றுகின்றன. கார்புரேட்டர் ஜெட்டைக் கழற்றி ஊதியாயிற்று, கண்டென்சரும் புதுசு.

எனக்குச் சந்தேகம் இரண்டு. ஒன்று, ஆட்டோ அட்வான்ஸ் (வேகம் ஏற ஏற ஸ்பார்க்கை முன்கூட்டியே வர வைக்கும் யூனிட்) எடைகள் ஒட்டிக்கொண்டு, வேகம் ஏறினாலும் ஸ்பார்க் முன்னால் வராமல் இருக்கலாம். கையால் திருப்பினால் ஸ்பிரிங் திரும்ப இழுக்கிறது, ஆனால் சோம்பலாக. இன்னொன்று, வால்வுகள் திறக்கும் நேரத்தைத் தீர்மானிக்கும் கேம் கியர் ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கலாம். மெக்கானிக், கியரில் உள்ள மார்க்கைப் பார்த்துத்தான் போட்டேன் என்று உறுதியாகச் சொல்கிறார்.

டைமிங் கவரைத் திறக்காமல், எக்ஸாஸ்ட் ஸ்ட்ரோக் முடிவில் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் அளவை வைத்தே கேம் சரியா என்று கண்டுபிடிக்க முடியுமா? அட்வான்ஸ் யூனிட்டுக்கு ஸ்பிரிங் மட்டும் தனியாகக் கிடைக்குமா? இதே மாடலைக் கட்டி ஓட்டுகிற அண்ணன்மார் யாராவது சொல்லுங்கள். பைப் இப்படிச் சிவக்கும்போது மேற்கொண்டு ஓட்டினால் எக்ஸாஸ்ட் வால்வு போய்விடும் என்பதால் வண்டியை நிறுத்தியே வைத்திருக்கிறேன்.