கனடாவுக்குக் குடிபோகிறோம்: மகளின் ஏர் ரைபிளையும் அப்பாவின் இரட்டைக் குழலையும் கொண்டுபோகலாமா?

சிங்காநல்லூர் செந்தில்:

எல்லோருக்கும் வணக்கம். எங்களுக்குக் கனடா பி.ஆர். வந்துவிட்டது, இன்னும் சில மாதங்களில் ஒன்டாரியோ போகிறோம். பாத்திரம் பண்டம், பள்ளி டி.சி. எல்லாம் விசாரித்தாகிவிட்டது. இரண்டு பொருளைப் பற்றி மட்டும் யாரைக் கேட்டாலும் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள்.

ஒன்று, மகளின் 10 மீட்டர் ஏர் ரைபிள். அவளுக்கு 15 வயது. ஜெர்மனியில் செய்தது, .177 (குழலின் உள்விட்டம், அங்குலத்தில்), சிலிண்டரில் காற்றடைத்துச் சுடும் வகை. கன்னம் வைக்கும் கட்டை, தோளில் பதியும் தகடு எல்லாமே அவள் உடம்புக்கு ஏற்றபடி கோச் பல மாதம் உட்கார்ந்து சரிசெய்தது. அதை இங்கே விட்டுவிட்டு அங்கே போய்ப் புதிதாக வாங்கு என்று சொன்னால் அவள் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். விலையும் சாதாரணமில்லை.

இரண்டு, என் அப்பாவின் 12 போர் இரட்டைக் குழல். தாத்தா வாங்கியது. உடுமலைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் காட்டுப்பன்றிக்காக வைத்திருந்தது, லைசென்ஸ் அப்பா பெயரில் இருக்கிறது, தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி, முடிந்ததும் திரும்ப எடுத்துவருவார். அவருக்கு இப்போது 74. மூத்த பையன் நீதான் கொண்டுபோகணும் என்கிறார். தம்பி ஊரிலேயே இருக்கிறான், தோட்டத்தை அவன்தான் பார்க்கிறான்.

இரண்டையும் எங்களோடு விமானத்தில் கொண்டுபோக முடியுமா? ஏர் ரைபிளுக்கு நம் ஊரில் லைசென்ஸே கிடையாதே, அங்கேயும் அப்படித்தானா? நேரடியாகச் செய்தவர்கள், சட்டம் தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.

வான்கூவர் வாசன்:

சார், ரொம்ப யோசிக்க வேண்டாம். விமான நிலையத்தில் கஸ்டம்ஸில் ஒரு டிக்ளரேஷன் படிவம் கொடுப்பார்கள், 25 டாலர் கட்டினால் துப்பாக்கியை உள்ளே விட்டுவிடுவார்கள். அமெரிக்காவிலிருந்து வேட்டைக்கு வருபவர்கள் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

ஸ்கார்பரோ குமரன்:

வாசன், நீங்கள் சொல்வது வந்து திரும்பிப் போகிறவர்களுக்கான வழி. அந்தப் படிவத்தை அதிகாரி உறுதிசெய்தால் 60 நாளைக்கு லைசன்ஸ் மாதிரி செல்லும், அவ்வளவுதான். செந்தில் அண்ணா குடும்பத்தோடு இங்கேயே இருக்கப் போகிறார். 61ஆம் நாள் வீட்டில் துவக்கு (துப்பாக்கி) இருக்கும், லைசன்ஸ் இருக்காது. அது கிரிமினல் குற்றம். புதிதாக வந்த குடும்பத்துக்கு இந்த யோசனையைச் சொல்லவே கூடாது.

செந்தில் அண்ணா, முதலில் ஏர் ரைபிளைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் அதுதான். கனடாவில் ஏர் கன் என்ற பெயரை வைத்து எதுவும் முடிவாவதில்லை, வேகத்தையும் ஆற்றலையும் வைத்துத்தான். பெல்லட், அதாவது சிறு ஈயக் குண்டு, குழலை விட்டு வெளியே வரும்போது வினாடிக்கு 152.4 மீட்டரை, அதாவது 500 அடியைத் தாண்ட வேண்டும், அதோடு அதன் ஆற்றல் 5.7 ஜூல் அளவையும் தாண்ட வேண்டும். இரண்டையும் தாண்டினால் அது சட்டப்படி முழுத் துவக்கு, லைசன்ஸ் வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் லைசன்ஸ் தேவையில்லை.

இப்போது உங்கள் மகளின் ரைபிளுக்கு வருவோம். போட்டிக்குப் பாவிக்கிற .177 பெல்லட் ஏறத்தாழ 0.53 கிராம். அது 152.4 மீட்டர் வேகத்தில் போனாலே 6 ஜூலுக்கு மேல் வந்துவிடும். ஆகவே ஜூல் கணக்கு உங்களைக் காப்பாற்றாது, வேகம் ஒன்றுதான் தீர்மானிக்கும். ஐரோப்பாவில் செய்யும் 10 மீட்டர் ரைபிள்கள் பல 170 மீட்டரை ஒட்டிச் சுடுகின்றன. குழல் பக்கத்தில் ஐங்கோணத்துக்குள் F என்று ஒரு முத்திரை இருந்தால் அது ஜெர்மனியின் 7.5 ஜூல் வரம்புக்குள் அடங்கியது என்று மட்டும்தான் அர்த்தம், கனடாவின் வரம்புக்குள் அடங்கியது என்று அர்த்தமில்லை. அந்த முத்திரையைக் காட்டித் தப்பலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இங்கே கடைகளில் ஒரே மாடலையே 500 அடிக்கு மேல் ஒன்று, கீழ் ஒன்று என்று இரண்டு விதமாக விற்பார்கள். உங்கள் ரைபிளையும் தயாரிப்பாளரின் சர்வீஸ் ஆளிடம் கொடுத்து காற்றழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரைக் குறைத்து, வேகம் 150 மீட்டருக்குக் கீழே வருமாறு செய்து, அதைக் கடிதமாக வாங்கிக்கொள்ளலாம். 10 மீட்டரில் காகித இலக்கைச் சுட அந்த வேகம் தாராளம், மகளின் புள்ளிகள் இதனால் குறையாது. குறைத்த பிறகு குரோனோகிராஃப் என்ற வேகம் அளக்கும் கருவியில் சுட்டுப் பார்த்த தாளையும் சேர்த்து வையுங்கள். நீங்களாகவே திருப்புளி வைத்துத் திருகிவிட்டு வாயால் சொன்னால் எந்த அதிகாரியும் ஏற்கமாட்டார்.

குறைக்க வேண்டாம் என்றால் லைசன்ஸ் எடுங்கள். 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு பி.ஏ.எல். என்ற உரிமம். பாதுகாப்புப் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து, எழுத்திலும் கையாள்வதிலும் தேர்வு பாஸ் பண்ண வேண்டும், விண்ணப்பத்தில் துணைவியின் கையெழுத்து கேட்பார்கள், கையெழுத்து இல்லாவிட்டால் அவருக்கு அறிவிப்பார்கள். முதன்முறை விண்ணப்பிப்பவர்களுக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு உண்டு, நடப்பில் அதைவிட அதிகமாகவே ஆகும். 12 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்கு மைனர் லைசன்ஸ் இருக்கிறது, அதை வைத்துச் சாதாரண வகைத் துவக்கை இரவல் வாங்கிச் சுடலாம், சொந்தமாக வாங்க முடியாது.

குன்னூர் பாலு:

நான் கிளப்பில் பல வருடம் ஆயுதப் பொறுப்பில் இருந்தவன். இந்தியப் பக்கத்தை நான் சொல்கிறேன்.

.177, 20 ஜூலுக்குள் இருக்கிற ஏர் ரைபிளுக்கு இங்கே லைசென்ஸ் வேண்டியதில்லை, அது சரி. ஆனால் விமான நிலையத்தில் ஸ்கேனருக்குப் பின்னால் இருப்பவருக்கு அது துப்பாக்கி மாதிரித்தான் தெரியும். வாங்கிய பில், தயாரிப்பாளரின் விவரத்தாள், மாநில சங்கம் கொடுத்த விளையாட்டு வீராங்கனை கடிதம், எல்லாம் கையில் இருக்கட்டும். புறப்படும்போது இங்கே கஸ்டம்ஸில் எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் வாங்குங்கள், சீரியல் நம்பரோடு. நாளைக்கு மகள் தேசியப் போட்டிக்கு இந்த ரைபிளோடு திரும்பி வந்தால் டியூட்டி கேள்வி வராது. விளையாட்டு வீரர் சலுகையில் டியூட்டி இல்லாமல் இறக்குமதி செய்த ரைபிள் என்றால் அந்த ஆணையின் நிபந்தனைகளையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.

சிலிண்டர்தான் தலைவலி. 200 பார் அழுத்தக் காற்றோடு அதை எந்த ஏர்லைன்ஸும் ஏற்றாது. ரைபிளிலிருந்து கழற்றி, கூடவே கொடுத்த வெளியேற்றும் திருகை மாட்டி, முள் பூஜ்யத்துக்கு வரும் வரை மெதுவாகக் காற்றை விடுங்கள். அவசரமாக விட்டால் சிலிண்டர் சில்லிட்டுவிடும், கையில் துணி வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், சிலிண்டரில் அச்சடித்திருக்கிற தேதியைப் பாருங்கள். போட்டி ரைபிள் தயாரிப்பாளர்கள் பொதுவாகப் பத்து வருடத்துக்கு மேல் பயன்படுத்தாதே என்கிறார்கள். பழையதாக இருந்தால் அதை இங்கேயே விட்டுவிட்டு அங்கே புதியது வாங்குவதுதான் புத்தி, ரைபிள் மட்டும் பெட்டியில் போகட்டும்.

இன்னொன்று, வழி. துபாய், தோஹா, சிங்கப்பூர் என்று மாறிப் போனால் அந்தந்த நாட்டுச் சட்டமும் நடுவில் வரும், சிங்கப்பூர் ஏர் கன் விஷயத்தில் மிகக் கண்டிப்பு. டெல்லியிலிருந்து டொராண்டோவுக்கு நேர் விமானம் இருக்கிறது. கொஞ்சம் சுற்றுதான், ஆனாலும் இந்தப் பெட்டிக்காக அதில் போங்கள். ஏர்லைன்ஸிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். கவுண்டரில் நின்று வாதாடுகிற நிலைமை வரக்கூடாது.

இரட்டைக் குழலுக்கு வருகிறேன். தனக்கு உரிமையுள்ள ஆயுதத்தைச் சொந்த உபயோகத்துக்காக வெளியே கொண்டுபோக 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தின் 10ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. ஆனால் லைசென்ஸ் உங்கள் அப்பா பெயரில். உங்களுக்கு அதைத் தொடவே உரிமை இல்லை, கொண்டுபோவது எங்கே. அப்பா பிரியமாகக் கொடுத்தார் என்பது சட்டத்தில் செல்லாது. முதலில் உங்கள் பெயருக்கு லைசென்ஸ் மாறி, பிறகுதான் மற்றதெல்லாம்.

ஒரு காரியம் செய்யுங்கள். அப்பாவையே துப்பாக்கியைத் திறந்து, முன்கட்டையைக் கழற்றி, குழல்களைத் தனியாக எடுக்கச் சொல்லுங்கள். குழலின் அடியில், தோட்டா போகும் அறைக்குக் கீழே, தட்டையான இடத்தில் முத்திரைகள் இருக்கும். அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள்.

சிட்னி மீனா:

ஆஸ்திரேலியா வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு இங்கேயும் 500 அடிக் கணக்கு இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். 1996இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு வந்த ஒப்பந்தத்தில் எல்லா மாநிலங்களும் சட்டத்தை இறுக்கின. ஏர் ரைபிள் இங்கே ஏ பிரிவுத் துப்பாக்கி, எவ்வளவு மெதுவாகச் சுட்டாலும் லைசென்ஸ், பதிவு இரண்டும் வேண்டும். ஏர் பிஸ்டல் கைத்துப்பாக்கிகளோடு எச் பிரிவில் வரும், அது இன்னும் கடினம். மாநிலப் போலீஸ் பி709 படிவத்தில் ஒப்புதல் கொடுத்த பிறகுதான் இறக்குமதி. பொருளை முதலில் அனுப்பிவிட்டு அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று வந்தவருடைய ரைபிள் கஸ்டம்ஸ் கிடங்கில் மாதக்கணக்கில் கிடந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பிரிட்டனிலும் ஒரே நாடு, ஒரே சட்டம் என்று நம்பக்கூடாது. இங்கிலாந்தில் ஆற்றல் 12 அடி-பவுண்டுக்குள் இருக்கிற ஏர் ரைபிளுக்குச் சான்றிதழ் தேவையில்லை, ஸ்காட்லாந்தில் 2016 டிசம்பர் 31 முதல் தேவை.

சிங்காநல்லூர் செந்தில்:

இவ்வளவு விவரமாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. மகள் எல்லாவற்றையும் படித்தாள், வேகத்தைக் குறைப்பதில் அவளுக்கு ஆட்சேபணை இல்லை, கோச்சும் சரி என்கிறார்.

பாலு சார், ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தோம். குழல் அடியில் இங்கிலீஷ் முத்திரைகள், பர்மிங்காம் என்று அப்பா சொல்கிறார், 2½ என்று தெளிவாக இருக்கிறது. இதன் அர்த்தம் என்ன? கோச் இன்னொன்றும் கேட்டார், மகள் ஏர் பிஸ்டலும் பழகுகிறாள், அதையும் கொண்டுபோகலாமா?

குன்னூர் பாலு:

2½ என்றால் அறையின் நீளம் இரண்டரை அங்குலம், 65 மில்லிமீட்டர். இன்று கடையில் கிடைக்கிற தோட்டா பெரும்பாலும் 70 அல்லது 76 மில்லிமீட்டர். அது உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், மூடியும் விடலாம், ஆனால் சுடும்போது தோட்டாவின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் எகிறும். தாத்தா காலத்துக் குழல் அதைத் தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. கனடாவில் அதைக் கொண்டுபோய் வைத்தால் சுடவும் முடியாது, பூட்டி வைத்துக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு மட்டும் மிஞ்சும்.

என் அபிப்பிராயம் இதுதான்: அந்தத் துப்பாக்கி தம்பியிடம் போகட்டும். 2016 ஆயுத விதிகளில் 25ஆம் விதியைப் பாருங்கள். உரிமம் வைத்திருப்பவருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, 25 வருடம் வைத்திருந்தாலோ, அவர் உயிரோடு இருக்கும்போதே தன் வாரிசு ஒருவரைக் குறிப்பிட்டு மாற்றித்தர விண்ணப்பிக்கலாம். உங்கள் அப்பாவுக்கு 74. அவர் காலத்துக்குப் பிறகு என்று விட்டுவைத்தால் உடனே ஸ்டேஷனிலோ டீலரிடமோ ஒப்படைக்க வேண்டிவரும், அங்கே வருடக்கணக்கில் எண்ணெய் காணாமல் துருப்பிடித்த நல்ல துப்பாக்கிகளை நான் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன், மனசு கேட்காது. நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே, அப்பாவும் தம்பியுமாகக் கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கட்டும், வாரிசாக உங்கள் சம்மதக் கடிதத்தையும் நோட்டரியிடம் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

ஸ்கார்பரோ குமரன்:

பாலு ஐயா சொல்வதை நானும் ஆமோதிக்கிறேன். சாதாரண நீளமுள்ள இரட்டைக் குழல் இங்கே கட்டுப்பாடில்லாத வகை, நீளத் துவக்குகளின் தேசியப் பதிவேட்டையும் 2012இல் எடுத்துவிட்டார்கள், கியூபெக்குக்கு மட்டும் தனிப் பதிவு உண்டு. ஆகவே பி.ஏ.எல். எடுத்தபின் கொண்டுவரச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் சுட முடியாத துவக்குக்காக அப்பாவையும் தம்பியையும் அலையவிட வேண்டாம்.

பிஸ்டலில் மிகக் கவனம். 2022 ஆகஸ்ட் முதல் தனியாட்கள் கைத்துவக்கு இறக்குமதி செய்வதை நிறுத்திவிட்டார்கள், அதே ஆண்டு அக்டோபரில் வாங்குவதும் கைமாற்றுவதும் நின்றது, 2023 டிசம்பரில் அது சட்டமாகவே ஆனது. 10 மீட்டர் போட்டி ஏர் பிஸ்டல்கள் பெரும்பாலும் 500 அடிக்குக் கீழே சுடுபவை, அப்படியானால் அந்தத் தடைக்குள் வராது. தாண்டினால் அது கைத்துவக்கு, தூக்கிக்கொண்டு வந்து நிற்கக் கூடாது. நிஜத் துவக்கை அப்படியே பார்த்துச் செய்த பொம்மைப் பிஸ்டல், வேகம் குறைந்தது, அதுவும் நகல் துவக்கு என்ற பெயரில் தடைப்பட்ட பொருள்தான். பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களுக்குள் அப்படி ஏதாவது கிடக்கிறதா என்று பெட்டி கட்டும்போது பாருங்கள்.

ரைபிளைக் குடியேறுவோர் பொருள் பட்டியலில், பி.எஸ்.எஃப்.186 படிவத்தில், பெயர், மாடல், சீரியல் நம்பரோடு எழுதுங்கள். கேட்பதற்கு முன்பே வாயால் சொல்லுங்கள், வேகக் கடிதத்தை மேலே வையுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு பின்வளவில் சுட்டுப் பழகவிடாதீர்கள், பல நகரங்களில் ஏர் கன் சுடுவதையே துணைச்சட்டத்தில் தடுத்திருக்கிறார்கள், அயலவர் ஒருவர் 911 அழைத்தால் வந்து நிற்பது ஆயுதம் ஏந்திய போலீஸ். கிளப்பில் சேர்த்துவிடுங்கள். நீங்கள் எந்த ஊருக்கு வருகிறீர்கள் என்று சொன்னால், பக்கத்தில் பிள்ளைகளுக்கு 10 மீட்டர் பயிற்சி தருகிற இடத்தை விசாரித்துச் சொல்கிறேன்.

சிங்காநல்லூர் செந்தில்:

மிசிசாகா. அப்பாவிடம் பேசிவிட்டேன், கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை, பிறகு தம்பியை வரச்சொல் என்றார். திங்கட்கிழமை மனு கொடுக்கப் போகிறார்கள். ரைபிளை சர்வீஸுக்கு அனுப்ப மகளே பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறாள்.