‘சுரபி’யை நினைவில் வைத்திருப்பவர்கள் உண்டா?

கேள்வி:
1990களில் தூர்தர்ஷனில் சித்தார்த் காக், ரேணுகா ஷஹானே இருவரும் தொகுத்தளித்த ‘சுரபி’ என்ற இந்திப் பண்பாட்டு நிகழ்ச்சியைப் பற்றி இன்று யாரும் பேசக் காணோம். இந்தி அறியாத எங்கள் வீட்டிலும் அதைத் தவறாமல் பார்த்தோம். அதன் வினாப் போட்டிக்கு அஞ்சலட்டை அனுப்பியவர்கள் இங்கே இருக்கிறீர்களா?

பதில் 1:
பலமுறை அனுப்பியிருக்கிறேன் ஐயா; பரிசு கிட்டியதில்லை. மானிய விலையில் விற்ற சாதாரண அட்டைகள் இலட்சக்கணக்கில் குவிந்ததால், அஞ்சல் துறை போட்டிகளுக்கென்றே 2 ரூபாய் விலையில் தனி அட்டையை வெளியிட வேண்டியதாயிற்று.

பதில் 2:
எனக்குப் போட்டியைவிட, நெசவாளரையும் குயவரையும் கூத்துக் கலைஞரையும் அவரவர் ஊருக்கே சென்று, அவசரமின்றி அருகிருந்து காட்டிய அந்தப் பொறுமைதான் பெரிதாகத் தோன்றுகிறது. மொழி புரியாவிட்டாலும் தறியில் ஓடும் கைகள் புரிந்தன.

பதில் 3:
உண்மை. ரேணுகாவின் சிரிப்புக்காகவே என் பாட்டி விழித்திருப்பார்.