பாரிஸில் எந்த ஏரியாவில் ரூம் போடுவது? கொஞ்சம் அவசரம்

கோவைப்பயணி
வணக்கம். ஜூனில் பாரிஸ் போகிறோம். எந்த ஏரியாவில் தங்கினால் நல்லது? வெள்ளிக்கிழமை விசா அப்பாயின்ட்மென்ட், அதற்குள் ஓட்டல் புக்கிங் பேப்பர் கையில் இருக்க வேண்டும். மூன்று இடம் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று கேர் டு நார்ட் ஸ்டேஷன் பக்கம். இன்னொன்று ஈஃபில் டவர் பக்கம், விலையைப் பார்த்தால் மயக்கம் வருகிறது. மூன்றாவது செயின்ட் டெனிஸ், ரொம்ப மலிவு, ரிவ்யூவும் மோசமில்லை. யூடியூபில் ஒருவர் கேர் டு நார்ட் பக்கம் தலை வைத்துப் படுக்காதே என்கிறார், அடுத்த வீடியோவில் இன்னொருவர் அதுதான் வசதி என்கிறார். தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

மூட்டைமுடிச்சு
எத்தனை பேர்? எத்தனை ராத்திரி? ஒரு ரூமுக்கு எவ்வளவு வரை கொடுப்பீர்கள்? குழந்தை, பெரியவர்கள் யாராவது கூட வருகிறார்களா? இதெல்லாம் இல்லாமல் என்ன சொல்வது சார்.

தயிர்சாதம்
கண்ணை மூடிக்கொண்டு 15ஆம் வட்டாரம். லா மொத்-பிக்கே, துப்ளெக்ஸ், கம்ப்ரோன் அந்தப் பக்கம். குடும்பங்கள் வாழும் இடம், ராத்திரி சத்தம் இருக்காது, ஈஃபில் டவருக்கு நடந்தே போய்விடலாம். புதனும் ஞாயிறும் மேலே ஓடும் மெட்ரோ பாலத்துக்குக் கீழேயே சந்தை போடுவார்கள், பழம், ரொட்டி, சீஸ் எல்லாம் கிடைக்கும். இரண்டு முறை அங்கேதான் தங்கினேன், மூன்றாவது முறை போனாலும் அங்கேதான்.

அட்டவணைஅண்ணாச்சி
இதே கேள்வி மாதத்துக்கு நாலு தடவை வருகிறது. பழையதைத் தேடிப் படிக்கிற பழக்கம் யாருக்கும் இல்லை, யூடியூப் மட்டும் மணிக்கணக்கில் பார்ப்பார்கள். போகட்டும், அடிப்படையிலிருந்தே சொல்கிறேன். பாரிஸில் 20 வட்டாரங்கள். லூவ்ர் மியூசியம் இருக்கும் நடு இடத்தில் 1 தொடங்கி நத்தை ஓடு மாதிரி வலம் சுற்றிக்கொண்டே வெளியே போகும். ஓட்டல் விலாசத்தில் பின்கோடு 75-இல் ஆரம்பித்தால் ஊருக்குள். கடைசி இரண்டு இலக்கம்தான் வட்டாரம், 75015 என்றால் 15. கோடு 93, 94, 95 என்று ஆரம்பித்தால் ஓட்டல் பெயரில் எத்தனை முறை 'பாரிஸ்' என்று போட்டிருந்தாலும் ஊருக்கு வெளியே. உங்கள் 'செயின்ட் டெனிஸ்' ஓட்டலுக்குக் கோடு என்ன? பார்த்தீர்களா? பார்த்திருக்க மாட்டீர்கள்.

லாச்சப்பல்வாசி
வணக்கம் தம்பி. நான் இங்கே இருபது வருசத்துக்கு மேலாக இருக்கிறேன். அண்ணாச்சி கேட்டது சரியான கேள்விதான், கேட்ட விதம் அவருடைய வழக்கம், நீங்கள் மனசில் வைக்க வேண்டாம். நீங்கள் செயின்ட் டெனிஸ் என்று எழுதுகிறதை இங்கே சான் துனி என்போம், அந்தப் பெயரில் நாலு சங்கதி இருக்கிறது. ரூ சான் துனி நகரின் நடுவில் ஒரு தெரு. போர்த் சான் துனி ஒரு பழைய வளைவு வாசல். ஃபோபூர் சான் துனி அந்த வாசலிலிருந்து தமிழ்க் கடைகள் இருக்கிற எங்கட லாச்சப்பல் வரை வருகிற நீளத் தெரு. நாலாவது சான் துனி நகரம், அது பாரிஸே இல்லை, வடக்கே வேறு ஊர், கோடு 93200. மலிவு என்றால் அநேகமாக அதுதான். அங்கேயும் மெட்ரோ இருக்கிறது, பிரெஞ்சு ராசாக்களைப் புதைத்த பெரிய கோயிலும் இருக்கிறது, கெட்ட ஊர் என்று சொல்ல வரவில்லை. ஆனால் முதல் தடவை வருகிற ஆட்கள் இரவு பதினொரு மணிக்குத் திரும்பிப் போய்ச் சேர வேண்டிய இடம் அது இல்லை.

கோவைப்பயணி
ஆமாம், 93200 தான். அதை விட்டுவிட்டேன். நன்றி அண்ணா. நாங்கள் நாலு பேர், 4 ராத்திரி. ரூமுக்கு 12,000 ரூபாய் வரை.

மூட்டைமுடிச்சு
நாலு பேர் என்றால் யார் யார்? ஒரு ரூமா இரண்டா? எந்த ஏர்போர்ட்? தேதி என்ன? வயது கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பாரிஸ் மெட்ரோ முழுக்கப் படிக்கட்டு. ஒரு லைனிலிருந்து இன்னொன்றுக்கு மாற நிலத்தடியில் ஏறி இறங்கி நடந்துகொண்டே இருக்க வேண்டும், பல ஸ்டேஷனில் லிப்ட் கிடையாது. முழுக்க லிப்ட் உள்ள மெட்ரோ லைன் என்றால் 14 ஒன்றுதான்.

சமையல்கட்டு
ஓட்டலே வேண்டாம், அபார்ட்மென்ட் எடுங்கள். நாங்கள் குட்டி ரைஸ் குக்கர் எடுத்துப்போனோம். காலையில் ரசம் சாதம், வெளியே மதியம் மட்டும் ரொட்டி, சாப்பாட்டுச் செலவில் பாதி மிச்சம். நாலு பேருக்கு இரண்டு ரூம் விலையில் ஒரு வீடே கிடைக்கும்.

அட்டவணைஅண்ணாச்சி
கிடைக்கும், ஐந்தாவது மாடியில், லிப்ட் இல்லாமல், வளைந்து வளைந்து போகும் மரப்படியில். ஏறிப் பார்த்துவிட்டு ரசம் வையுங்கள். அபார்ட்மென்ட் விளம்பரத்தில் நகராட்சிப் பதிவு எண் இருக்க வேண்டும் என்பதாவது தெரியுமா?

சமையல்கட்டு
எங்கள் வீட்டில் லிப்ட் இருந்தது. எண்ணும் இருந்தது. எல்லாம் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்ற நினைப்பை விடுங்கள்.

ரயில்கிறுக்கன்
யாரும் சொல்லாத ஒன்று: லா தெஃபான்ஸ். மேற்கே கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கிற ஆபீஸ் ஏரியா. வார நாளில் கோட்டு சூட்டுக்காரர்கள் நிரம்பி வழிவார்கள், வெள்ளி சாயந்திரம் காலியாகிவிடும், ஓட்டல் விலையும் இறங்கும். மெட்ரோ 1, ஆர்இஆர் ஏ என்கிற புறநகர் ரயில் இரண்டும் உண்டு. கோடு 92 என்று அண்ணாச்சி கத்துவார், கண்டுகொள்ளாதீர்கள்.

தயிர்சாதம்
சனி ஞாயிறில் அங்கே நடந்து பார்த்திருக்கிறீர்களா? காற்றுதான் அடிக்கும். பாரிஸ் போய்விட்டு சிறுசேரி ஐடி பார்க்கில் தங்குவது மாதிரி.

கோவைப்பயணி
மன்னிக்கவும், ஆபீஸில் இருந்தேன். நான், மனைவி, அப்பா, அம்மா. இரண்டு ரூம். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. ஏர்போர்ட் சார்ல்ஸ் டி கால், காலை ஏழு மணிக்கு இறங்குகிறோம். ஜூன் 19 வெள்ளி முதல் 23 செவ்வாய் வரை. அப்பாவுக்கு இட்லி தோசை சாதம் இல்லாமல் ஆகாது, அதனால்தான் கேர் டு நார்ட் பார்த்தேன், பக்கத்தில் தமிழ்க் கடைகள் இருக்கிறதாமே? அம்மாவுக்கு ஜன்னலைத் திறந்தால் ஈஃபில் டவர் தெரிய வேண்டும் என்று ஆசை.

மூட்டைமுடிச்சு
முழங்கால் வலியை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டாமா! ஓட்டலில் லிப்ட் இருக்கிறதா என்பதை விளம்பரத்தை நம்பாமல் மெயில் போட்டுக் கேளுங்கள். பழைய கட்டடத்தில் லிப்ட் என்பது ஒரு ஆளும் ஒரு பெட்டியும் ஒண்டிக்கொள்ளும் அளவுதான். ஏசியும் கேளுங்கள். ஐரோப்பா என்றாலே குளிர் என்று நினைத்துக்கொண்டு போவார்கள், 2019 ஜூலையில் பாரிஸில் 42.6 டிகிரி அடித்தது. நம் ஊரே பரவாயில்லை.

ஜூன் 21 அங்கே இசைத் திருநாள், 1982-லிருந்து வருஷம் தவறாமல் நடக்கிறது, தெருவுக்குத் தெரு ராத்திரி வெகுநேரம் வரை பாட்டு. பார்க்க அருமை. ஆனால் பஸ்தீல், லத்தீன் குவார்ட்டர் மாதிரி இடத்தில் தெருப்பக்கம் ரூம் கிடைத்தால் அப்பா அம்மா தூங்கின மாதிரிதான்.

தயிர்சாதம்
அம்மா ஆசைக்கு 15ஆம் வட்டாரம் என்று நான் முதலிலேயே சொன்னேன்.

மூட்டைமுடிச்சு
ஜன்னலில் டவர் தெரிகிற ரூம் அவர் பட்ஜெட்டில் கிடைக்காது. மெட்ரோ 6 கிட்டத்தட்ட பாதி தூரம் பாலத்தின் மேலேயே ஓடுகிற லைன். பீர்-அக்கேம், பாசி என்ற இரண்டு ஸ்டேஷனுக்கும் நடுவில் ஆற்றைத் தாண்டும்போது டவர் மொத்தமும் தெரியும், ஒரு மெட்ரோ டிக்கெட்டில் அம்மாவுக்குக் காட்டிவிடலாம். ராத்திரி மினுமினுப்பு ஒவ்வொரு மணி தொடக்கத்திலும் ஐந்து நிமிஷம். ஜூனில் பத்து மணிக்குத்தான் சூரியனே இறங்கும், அதனால் 11 மணி ஆட்டத்துக்குத்தான் நன்றாக இருட்டியிருக்கும்.

ஊர்சுற்றிராணி
கேர் டு நார்ட் வேண்டவே வேண்டாம். எங்கள் பக்கத்தில் நின்றவருடைய போன் கண் முன்னால் போயிற்று. ஸ்டேஷன் வாசலில் சும்மா நிற்கிற கூட்டத்தைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. லா சப்பல் அதைவிட மோசம் என்று கேள்வி.

லாச்சப்பல்வாசி
கேள்விதானே தங்கச்சி, வந்து பார்த்தீர்களா? போன் பறிபோவது ஈஃபில் டவர் அடியிலும் சக்ரே கேர் சர்ச் படிக்கட்டிலும் லூவ்ர் வாசலிலும்தான் அதிகம், அங்கேதான் சுற்றுலா ஆட்கள் நிற்கிறார்கள். லாச்சப்பலில் எங்கட சனம் எண்பதுகளிலிருந்து கடை வைத்திருக்கிறது. ரூ காய், ஃபோபூர் சான் துனி இரண்டு தெருவிலும் மரக்கறிக்கடை, புடவைக்கடை, நகைக்கடை, இடியப்பம், கொத்துரொட்டி எல்லாம் இருக்கு. ரூ பஜோலில் மாணிக்கப் பிள்ளையார் கோயில். கோடை முடிவில் தேர் வரும்போது தெருவெல்லாம் தேங்காய் உடைப்போம், வெள்ளைக்காரரும் வந்து நின்று பார்ப்பார்கள். என்ர பிள்ளைகள் வளர்ந்த இடம் இது.

ஊர்சுற்றிராணி
உங்கள் மனசைப் புண்படுத்தச் சொல்லவில்லை அண்ணா. ஆனால் மொழி தெரிந்து இருபது வருஷம் அங்கேயே இருப்பவருக்கும், பெட்டி இழுத்துக்கொண்டு ராத்திரி வழி தெரியாமல் நிற்கிறவருக்கும் ஒரே தெரு இரண்டு தெரு இல்லையா?

லாச்சப்பல்வாசி
அது ஞாயமான கதை. இங்கே பக்கத்தில் இருக்கிற ஸ்டாலின்கிராட் மெட்ரோ ஸ்டேஷன் பக்கம் இரவில் நானும் மனைவியைத் தனியாக அனுப்ப மாட்டேன். பகலில் சாப்பிட வாங்கோ, தமிழிலேயே கதைக்கலாம். படுக்கிறதுக்கு வேறு இடம் பார்த்தாலும் எனக்குக் கோபம் இல்லை.

அட்டவணைஅண்ணாச்சி
பாரிஸ் போய் தோசை தேடுகிறவர்களுக்கு எதற்கு பாரிஸ் என்று நான் கேட்டால் கோபம் வரும்.

சமையல்கட்டு
வரும். அறுபது வயதுக்கு மேல் முதல் முறையாக விமானம் ஏறுகிற மனிதர் ஒரு வேளை சாதம் கேட்டால் அது குற்றமா? நீங்கள் நாலு நாளும் வெண்ணெய் ரொட்டி சாப்பிடுங்கள், யார் வேண்டாம் என்றது.

ரயில்கிறுக்கன்
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். கோவைப்பயணி, 23ஆம் தேதி செவ்வாய் எங்கே போகிறீர்கள்? ஊருக்கா?

கோவைப்பயணி
இல்லை, காலை ரயிலில் சூரிக். சுவிட்சர்லாந்தில் 3 ராத்திரி, அங்கிருந்து விமானம். டிக்கெட் எடுத்தாயிற்று. இது ரூமுக்கு சம்பந்தமா?

ரயில்கிறுக்கன்
சம்பந்தமா என்கிறாரே! சூரிக் ரயில் கிளம்புவது கார் து லியோன் ஸ்டேஷனிலிருந்து, நீங்கள் கேர் டு நார்ட் என்கிற கார் து நோரிலிருந்து இல்லை. நாலு பேர், நாலு பெட்டி, ஒரு முழங்கால் வலி, இதோடு காலையில் ஊரைக் குறுக்கே கடக்கப் போகிறீர்களா? கார் து லியோன் அல்லது அடுத்த ஸ்டாப் பெர்சி, இரண்டில் ஒன்றில் தங்குங்கள். பெர்சியில் நடுத்தரச் சங்கிலி ஓட்டல்கள் இருக்கின்றன, புதுக் கட்டடம், லிப்ட் ஒழுங்காக இருக்கும். 12,000 ரூபாய் இறுக்கம்தான், தேடினால் அமையும். மெட்ரோ 14 பெர்சியிலிருந்து கார் து லியோன், ஷாத்லே, பிரமீட், மதுலேன் என்று நேராகப் போகும், மூட்டைமுடிச்சு சொன்ன லிப்ட் லைன் இதுதான். லூவ்ருக்கு பிரமீடில் இறங்கிக் கொஞ்சம் நடக்க வேண்டும். அம்மாவின் ஈஃபில் டவருக்கு மெட்ரோ 6 பெர்சியிலிருந்தே பீர்-அக்கேம் வரை மாறாமல் போகும், அதில் மட்டும் படி ஏற வேண்டும். அப்பாவின் சாதத்துக்கு கார் து லியோனிலிருந்து ஆர்இஆர் டி, இரண்டாவது ஸ்டாப் கார் து நோர், வெளியே வந்தால் லாச்சப்பல் நடக்கிற தூரம். லா தெஃபான்ஸ் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

மூட்டைமுடிச்சு
நானும் ஒப்புக்கொள்கிறேன். ஏர்போர்ட்டிலிருந்து ரயில் வேண்டாம். நாங்கள் 2025-இல் போனபோது ரயில் டிக்கெட் தலைக்கு 13 யூரோ, நாலு பேருக்கு 52. டாக்ஸிக்கு அப்போது ஆற்றின் வலக்கரை முழுக்க ஒரே கட்டணம் 56 யூரோ, இடக்கரைக்கு 65. பெர்சியும் கார் து லியோனும் வலக்கரை. நாலு யூரோவில் அம்மாவின் முழங்கால் தப்பிக்கும். ஆனால் டெர்மினலுக்குள்ளேயே 'டாக்ஸி டாக்ஸி' என்று கூப்பிடுகிறவன் பின்னால் போகாதீர்கள், வெளியே வரிசையில் நிற்கிற வண்டியில் மட்டும் ஏறுங்கள். பெட்டி அதிகம் என்றால் பெரிய வண்டி கேளுங்கள்.

தயிர்சாதம்
வாரப் பாஸ் வாங்கினால் ஏர்போர்ட் ரயிலும் அதிலேயே அடக்கம், யாரும் சொல்லவில்லையே?

அட்டவணைஅண்ணாச்சி
சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. வாரப் பாஸ் திங்கள் முதல் ஞாயிறு வரைதான், வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் இல்லை. நடப்பு வாரத்துக்கு வியாழனோடு விற்பனை முடிந்துவிடும். அவர் இறங்குவது வெள்ளி. தேதியைப் படித்துவிட்டு யோசனை சொல்லலாம்.

இன்னொன்று. கேட்டவர் கேட்க மறந்தது, நான் சொல்கிறேன். ஷெங்கன் விசா என்பது பிரான்ஸ், சுவிஸ் உள்பட பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா, அதை எந்த நாட்டில் அதிக ராத்திரி தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் கேட்க வேண்டும். பிரான்ஸ் 4, சுவிஸ் 3. தப்பித்தீர்கள். சுவிஸில் இரண்டு நாள் நீட்டிக்கலாம் என்று வீட்டில் யாராவது ஆசைப்பட்டால் கணக்கு மாறிவிடும். வெள்ளிக்கிழமைக்கு இலவச ரத்து உள்ள புக்கிங்காகப் போடுங்கள், நால்வர் பெயரும் அதில் இருக்கட்டும்.

சமையல்கட்டு
இதை முதலிலேயே இப்படிச் சொல்லியிருந்தால் நானே கை தட்டியிருப்பேன்.

கோவைப்பயணி
எல்லோருக்கும் நன்றி. பெர்சியில் இரண்டு ரூம் போட்டுவிட்டேன், ரத்து வசதியோடு. லிப்ட் உண்டு என்று பதில் வந்துவிட்டது. லாச்சப்பல் அண்ணா, சனிக்கிழமை மதியம் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவசரத்தில் ஏசி கேட்க மறந்துவிட்டேன்.

ரயில்கிறுக்கன்
நல்லது. கோடு 75012 தானே? பெயரில் பெர்சி என்று இருந்தாலும் ஷாரந்தோன் பக்கம் தள்ளிப் போனால் 94220 வந்துவிடும், ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ரயில்கிறுக்கன்
கோவைப்பயணி? பார்த்தீர்களா?