வாட்ச்டாக்: 'காவல்நாய்' வேண்டாம், வேறு சொல் தேடுவோம்

அனைவருக்கும் வணக்கம்.

லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலின் அமைவுப் பட்டியலில் ஐபிஎம்ஐ பகுதியை, அதாவது கணினியின் வன்பொருளைத் தொலைவிலிருந்தும் கவனிக்க உதவும் முறைக்கான பகுதியை, தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். முதலில் செய்திகளைக் கையாளும் ஹேண்ட்லரைத் தேர்ந்தெடுத்தால்தான் அதன் கீழுள்ளவை திறக்கும். கணினியை மேற்பார்க்கும் பிஎம்சி சில்லோடு பேசும் இயக்கி, ஐபிஎம்ஐடூல் போன்ற நிரல்களுக்கான வாசல், கணினியை அணைக்கும் கூறு, எல்லாவற்றுக்கும் ஓரளவு சொல் கிடைத்துவிட்டது. உறைந்துபோன கணினியைத் தானாக மறுதொடக்கம் செய்விக்கும் வாட்ச்டாக் மட்டும் இடிக்கிறது.

நம் கலைச்சொல் பட்டியலில் அது 'காவல்நாய்' என்று இருக்கிறது. என்னோடு வேலை செய்த ஒரு தம்பி அதைப் பாதுகாப்பு மென்பொருள் என்று நினைத்து, "ஃபயர்வால்தான் இருக்கிறதே" என்று கெர்னலில் அந்தத் தேர்வை நீக்கிவிட்டார். ஒரு நள்ளிரவில் வழங்கி (சர்வர்) உறைந்தது. காலையில் ஒருவர் நேரில் போய்த்தான் மீட்டார். அந்தத் தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். நாய் என்றால் திருடனைப் பார்த்துக் குரைப்பது என்றுதானே நாம் வளர்ந்தோம்?

இங்கே நடப்பது வேறு. தாய்ப்பலகையில் இருக்கும் பிஎம்சிக்குத் தனிச் செயலி உண்டு. வழங்கியை அணைத்தாலும் காத்திருப்பு மின்சாரத்தில் அது விழித்தே இருக்கும். அதற்குள் ஒரு கடிகாரம் இறங்குமுகமாக எண்ணுகிறது. லினக்ஸ் இயக்கியின் இயல்பான அளவு 10 விநாடி. அதற்குள் இயங்குதளம் "நான் இருக்கிறேன்" என்று சொல்லி எண்ணிக்கையைப் பழைய இடத்துக்குத் திருப்ப வேண்டும். சொல்லாவிட்டால் பிஎம்சி கணினியை மறுதொடக்கம் செய்துவிடும். அந்நியன் வருவதை அது பார்ப்பதில்லை, வீட்டுக்காரர் மூச்சு விடுகிறாரா என்றுதான் பார்க்கிறது.

அதனால் என் பரிந்துரை 'கெடுக்காவல்'. கெடு விதிப்பது நமக்குப் பழகிய வழக்கு.

*

> என் பரிந்துரை 'கெடுக்காவல்'.

காரணம் முழுக்கச் சரி ஐயா. சொல்தான் உறுத்துகிறது. கெடுமதி, கெடுபிடி என்று பழகிய கண்ணுக்கு இது கெட்ட காவல் என்றே படும். நடுவிலுள்ள 'க்' காப்பாற்றாது. திரையில் வேகமாகப் படிப்பவர் ஒற்றெழுத்தை எண்ணிக்கொண்டிருக்க மாட்டார்.

'கண்காணிப்பி' என்று போகலாம் என்றால், வெப்பநிலை, விசிறி வேகம் பார்க்கும் உணரிகளுக்குக் கண்காணிப்பு என்ற சொல்லை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். அதே பிஎம்சி, அதே பக்கம், குழப்பம் நிச்சயம்.

நீங்களே மூச்சு என்று எழுதியிருக்கிறீர்கள். உயிர்ப்பு என்றாலும் மூச்சுத்தானே? 'உயிர்ப்புக்காவல்' என்று வைத்தால் என்ன? "நான் இருக்கிறேன்" என்று சொல்வதற்காக வாட்ச்டாக் கோப்பைத் திறந்த நிரல் செத்துப்போனால் என்ன ஆகும் என்பதும் இதில் புரியும். அந்தக் கோப்பில் ஆங்கிலப் பெரிய எழுத்து 'வி'யை (V) எழுதிவிட்டு மூடினால்தான் எண்ணிக்கை நிற்கும். எழுதாமல் நிரல் விழுந்தால் எண்ணிக்கை ஓடிக்கொண்டே இருக்கும், கணினி மறுதொடக்கம் ஆகும். 'உயிர்ப்பு நின்றது, காவல் எழுப்பியது' என்று உதவிக்குறிப்பில் ஒரே வரியில் எழுதிவிடலாம்.

*

> 'உயிர்ப்புக்காவல்' என்று வைத்தால் என்ன?

ஏற்கிறேன், என் சொல்லைவிட இது நல்ல சொல். கெடுவை மட்டும் விட மனமில்லை. எண்ணிக்கையின் அளவுக்கு, அதாவது டைம்அவுட்டுக்கு, அதை வைத்துக்கொள்வோம்: 'கெடு: 10 விநாடி'. தனியாக நிற்கும்போது யாரும் தவறாகப் படிக்க மாட்டார்கள். கெடு முடிவதற்குச் சற்று முன்பே கெர்னலைத் தட்டி எச்சரிக்கும் ப்ரீடைம்அவுட் 'முன்கெடு' ஆகிவிடும். அதற்கு நான் இரண்டு வாரமாகச் சொல் தேடிக்கொண்டிருந்தேன்.

பழைய பட்டியலில் 'காவல்நாய்' வரும் இடங்களை எல்லாம் இன்று இரவு மாற்றி அனுப்புகிறேன். அப்புறம், பிஎம்சிக்குத் தனி இழை தொடங்குங்கள். அதன் விரிவான 'அடிப்பலகை மேலாண்மைக் கட்டுப்படுத்தி' அமைவுப் பட்டியலின் ஒரு வரியில் அடங்கவில்லை.