டேம்பஸ்டர் நேவிகேட்டர் டேரம்: நான்டன், ரைக்ஸ்வால்ட், மோனே பக்கம் போனவர்கள் எழுதுங்கள்

புல்வெளிக்காரன்:
1943 மே மாதம் பிரிட்டிஷ் விமானப் படை மோனே முதலான ஜெர்மன் அணைகளைக் குண்டு போட்டு உடைத்த டேம்பஸ்டர் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும், நேராக விஷயத்துக்கு வருகிறேன். கனடாவின் ஆல்பெர்டா மாநிலத்தில் இருக்கிற நான்டன் மியூசியத்தில், அந்தத் தாக்குதலுக்குப் போன குண்டுவீச்சு விமான வகையான லாங்காஸ்டருக்குள் ஏற விட்டார்கள். பைலட்டுக்குப் பின்னால், பக்கவாட்டில் ஒரு மேசை. வெளிச்சம் கசியாமல் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு ஆறேழு மணி நேரம் சார்ட்டும் பென்சிலுமாக உட்கார்ந்து வழி கணித்துச் சொல்வது நேவிகேட்டர் வேலை. தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய கிப்சனின் நேவிகேட்டர் ஹார்லோ டேரம் இந்த ஆல்பெர்டாப் பையன்தான், மைலோ ஊர், அப்பா நார்வேயிலிருந்து வந்தவர், அணைத் தாக்குதலின்போது 22 வயது. அங்கே இருந்த பெரியவர் ஒருவர் சொன்னதுதான் இன்னும் உறுத்துகிறது. 1943 செப்டம்பரில் கிப்சன் கனடா சுற்றுப்பயணத்தில் கல்கரிக்கு வந்து டேரமின் அம்மாவைப் பார்த்து, மகனைப் பற்றிப் பெருமையாகப் பேசிவிட்டுப் போயிருக்கிறார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, மகன் போய்விட்டான். 1945 பிப்ரவரியில் தம்பி லோர்னும், அவனுக்கு 18 வயது. பெரியவர் இதைச் சொல்லிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி அடுத்த ஆளுக்கு டிக்கெட் கிழிக்கப் போய்விட்டார்.

ரைன்கரை:
திரைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தார் என்பது மோனே இரவுக்குப் பொருந்தாது, புல்வெளிக்காரன். குண்டு போட 60 அடி உயரம் வேண்டும், அந்த உயரத்தை ஆல்டிமீட்டர் சரியாகக் காட்டாது, அதனால் விமானத்துக்கு அடியில் இரண்டு விளக்கு கட்டி, தண்ணீர் மேல் இரண்டு வட்டமும் தொட்டுக்கொள்கிறதா என்று வலப்பக்கக் கண்ணாடிக் குமிழ் வழியாக எட்டிப் பார்த்து, இறக்கு, இன்னும் இறக்கு என்று சொன்னவர் டேரம்தான். சுடுகிற அணைக்கு நேராக.

செத்தது அந்த வேலையில் இல்லை. செப்டம்பர் 15 இரவு ஜெர்மனியின் டார்ட்மண்ட்-எம்ஸ் கால்வாயைத் தாக்க இங்கிலாந்தின் கானிங்ஸ்பி தளத்திலிருந்து எட்டு லாங்காஸ்டர் போனது, ஐந்து திரும்பவில்லை. கிப்சன் இடத்துக்கு வந்த ஹோல்டன் ஓட்டிய விமானத்தில் டேரம், ஸ்பாஃபோர்ட், ஹட்சிசன், டீரிங் என்று கிப்சனுடைய பழைய ஆட்கள் நாலு பேர். எல்லோரும் ஜெர்மனியில் ரைக்ஸ்வால்ட் போர்க் கல்லறையில் இருக்கிறார்கள். என் பையனோடு போயிருந்தேன். அவன் கல்லில் இருக்கிற வயதை உரக்க வாசித்துக்கொண்டே வந்தான், 21, 20, 23, 19... பாதி வரிசையில் நின்று, "முப்பது தாண்டினவங்க யாராவது கண்ணுல பட்டா சொல்லுங்கப்பா" என்றான். அங்கே ஏழாயிரத்து ஐந்நூறுக்கும் மேல் கல்லறை. தேடினால் முப்பது தாண்டினவர்களும் கிடைப்பார்கள், நான்தான் தேடவில்லை.

நெஹைம்_அக்கா:
இரண்டு பேரும் தண்ணீர் எங்கே போனது என்று ஒரு வார்த்தை எழுதவில்லையே! அம்மா, தம்பி, கல்லறை எல்லாம் சரி. மோனே பள்ளத்தாக்கில் ஆயிரத்துக்கும் மேல் செத்தார்கள். அதில் பெரும்பகுதி அணைக்குக் கீழே இருந்த நெஹைம் ஊர் முகாமில் அடைத்து வைத்திருந்த அயல்நாட்டுக் கட்டாயத் தொழிலாளர்கள், பலர் சோவியத் நாட்டிலிருந்து பிடித்து வந்த பெண்கள், அவர்களுக்கும் அந்த நேவிகேட்டர் வயதுதான் இருக்கும். நான் அணை மேல் நடந்தபோது சுற்றிலும் ஐஸ்கிரீமும் படகுமாக ஒரே கூட்டம். கீழே ஹிம்மல்ஃபோர்ட்டன் மடாலயத் தேவாலயம் இருந்த இடத்தில் மிச்சம் இருப்பது அடிக்கல் மட்டும். அங்கே எங்களைத் தவிர யாருமில்லை. டேரமைக் குறை சொல்லவில்லை, அவர் விமானம் போட்ட குண்டில் அணை உடையவும் இல்லை, பின்னால் வந்தவர்கள் போட்டதில்தான் உடைந்தது. ஆனால் கதையை விமானத்துக்குள்ளேயே முடித்துவிடுகிறீர்கள், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

லிங்கன்_வாசகன்:
அக்கா சொல்வது நியாயம், ஆனால் பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையான பாம்பர் கமாண்டிலும் 55,573 பேர் போயிருக்கிறார்கள், அதையும் சேர்த்து வைத்துத்தான் பேச வேண்டும். என் அனுபவம் சின்னதுதான். இங்கிலாந்தின் லிங்கன் நகரில் இருக்கிற பாம்பர் கமாண்ட் நினைவிடத்தில் அந்த உயரமான இரும்புத் தூணைச் சுற்றி இருக்கிற பெயர்ச் சுவர்களில் டேரமைத் தேடிப் பிடித்தேன். தூணின் உயரம் 102 அடி, லாங்காஸ்டர் இறக்கைகளின் நீளம், நுனிக்கு நுனி, அதேதான். அவ்வளவுதான்.

இனி போகிறவர்களுக்கு. நான்டன் கல்கரிக்குத் தெற்கே ஒரு மணி நேர ஓட்டம், இரண்டாம் நெடுஞ்சாலை. எஞ்சின் ஓட்டிக் காட்டும் நாளை விசாரித்துக்கொண்டு போங்கள், இல்லாவிட்டால் பாதி சுகம் போய்விடும். காதடைப்பான் கட்டாயம், குழந்தைகளுக்கு முதலில். ரைக்ஸ்வால்டுக்கு வெறுங்கையோடு போகாதீர்கள், போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பெயரைப் போட்டால் வரிசை எண், கல் எண் வரும், எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். போரில் இறந்த கனடாக்காரர்களின் பணிக் கோப்பு கனடா நூலக, ஆவணக் காப்பகத்தில் எல்லோரும் பார்க்கலாம். ஸ்குவாட்ரன் குறிப்பேடு வேண்டுமென்றால் லண்டன் கியூவில் இருக்கிற பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகம், ஏஐஆர் 27 (AIR 27) வரிசை. பென்சில் மட்டும்தான் உள்ளே விடுவார்கள், பேனா கூடாது. முக்கியமாக, ரைக்ஸ்வால்ட் காட்டுப் பக்கம், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள்.