கீரை வெந்த நீரை வடித்துக் கொட்டினால் சத்தும் போய்விடுமா?

கேள்வி:
பசலைக்கீரையை வதக்கும்போது வாணலியின் ஓரத்தில் ஒதுங்கும் எண்ணெய் பச்சையாகிவிடுகிறது. நீரில் நெடுநேரம் வேகவிட்டாலோ இலையே பழுப்பேறி மங்கிப்போகிறது. இலையில் இருப்பதாகச் சொல்லப்படும் லூட்டின், பீட்டா கரோட்டின், ஃபோலேட் முதலிய சத்துகளும் நிறத்தோடு சேர்ந்தே போய்விடுகின்றனவா?

மறுமொழி 1:
நிறத்தை வைத்து இழப்பை அளக்க முடியாது. எண்ணெயில் இறங்குவது பச்சையம். லூட்டினும் பீட்டா கரோட்டினும் அதைப் போலவே கொழுப்பில் கரைபவை என்பதால் அவையும் ஓரளவு இறங்குகின்றன, ஆனால் அந்த எண்ணெயையும் சேர்த்தே உண்கிறோம் என்பதோடு, சிறிது கொழுப்பு உடனிருந்தால்தான் குடல் அவற்றை நன்றாக உறிஞ்சும் என்பதால் அதில் நட்டமே இல்லை. இலை பழுப்பேறுவதற்குக் காரணம், வேகும்போது வெளிப்படும் இலையின் அமிலம் பச்சைய மூலக்கூற்றின் நடுவிலிருக்கும் மெக்னீசியத்தை நீக்கிவிடுவதுதான். உண்மையான இழப்பு கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது: வைட்டமின் சி-யும் ஃபோலேட்டும் நீரில் கரைந்து வடிநீரோடு போய்விடுகின்றன. (1941-இல் பசலைக்கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதால்தான், இலையைக் குறிக்கும் லத்தீன் சொல்லான 'ஃபோலியம்' ஃபோலேட்டின் பெயரில் இருக்கிறது.)

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி; ஆனால் நீரை வடிப்பதில் ஆதாயமும் உண்டு. பசலையை மென்றதும் பற்களில் படியும் அந்தச் சொரசொரப்புக்குக் காரணமான ஆக்சலேட் என்ற சேர்மம், கால்சியத்தையும் இறுகப் பற்றிக்கொள்வதால், அக்கீரையிலுள்ள கால்சியத்தில் ஏறக்குறைய 5 சதவீதமே உடலில் சேர்கிறது. வேகவைத்து வடித்தால் கரையக்கூடிய ஆக்சலேட்டில் கணிசமான பகுதி வெளியேறிவிடும்.

மறுமொழி 3:
பசலைக்குச் சொன்னதை முட்டைக்கோஸுக்குப் பொருத்திவிடாதீர்கள். அதில் ஆக்சலேட் மிகக் குறைவு. அதன் சிறப்பான குளுக்கோசினோலேட்டுகள் என்ற கந்தகச் சேர்மங்களோ நீரில் கரைந்துவிடும். இலையை நறுக்கியதும் செல்கள் உடைந்து, அதுவரை தனியே இருந்த மைரோசினேஸ் என்ற நொதி இவற்றோடு கலந்து ஐசோதயோசயனேட்டுகளை உண்டாக்குகிறது. பச்சையாகக் கடித்தால் வரும் காரநெடி அதுதான். நொதி சூட்டில் செயலிழந்துவிடும் என்பதால், நறுக்கிச் சில நிமிடங்கள் விட்டுவைத்து, பிறகு ஆவியில் வேகவைப்பதே நல்லது.

கேட்டவர்:
அப்படியானால், வதக்கிய பசலையில் ஆக்சலேட் முழுவதும் தங்கிவிடுமே?

மறுமொழி 2:
பெரும்பாலும் தங்கும். ஆக்சலேட் கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகக்கூடும் என்பதால், சிறுநீரகக் கல் வந்தவர்கள் வடித்தே உண்ணட்டும். மற்றவர்கள் தாராளமாக வதக்கலாம்.