கைத்தொலைபேசிக்குள் ஒளிப்புலக் கமரா: வேண்டுமா, வீணா?

கொக்குவில் கதிர்:
போன மாதம் அக்காவின் மகளுக்குக் கலியாணம். தாலி கட்டும் நேரம் மணவறையை நெருங்கி, கையை நீட்டி, அரை மீற்றர் தூரத்திலிருந்து கைத்தொலைபேசியில் நான்கு படம் எடுத்தேன். நான்கிலும் பின்னால் தொங்கிய மின்விளக்குச் சரம் துல்லியமாக விழுந்திருக்கிறது. மாப்பிள்ளையின் விரலும் தாலிக்கொடியும் கலங்கிக் கிடக்கின்றன. அந்த முடிச்சை இன்னொரு தடவை போடச் சொல்ல முடியாது. ஒளிப்புலக் கமரா ஏன் இன்னும் நம் கைக்கு வரவில்லை என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன்.

அறியாதவர்களுக்காக: வழக்கமான கமராவின் உணரி, ஒரு புள்ளியில் எவ்வளவு ஒளி விழுந்தது என்பதை மட்டும் பதியும். ஒளிப்புலக் கமராவில் உணரிக்கு முன்னால் நுண்வில்லைகள் நெருக்கமாகப் பரப்பப்பட்டிருக்கும். அதனால் ஒளி எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதும் பதிவாகிவிடும். திசை தெரிந்தால் குவியத்தைப் பிறகு கணினியில் மாற்றிக்கொள்ளலாம், தூரத்தையும் கணக்கிடலாம். பௌதிகவியலாளர் கப்ரியேல் லிப்மன் 1908 இலேயே முன்வைத்த எண்ணம் இது. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ரென் இங் 2005 இல் இதைக் கையில் பிடிக்கும் கமராவாகச் செய்துகாட்டினார். அவர் தொடங்கிய லைட்ரோ நிறுவனம் 2012 இல் கடைக்குக் கொண்டுவந்தது. குவியம் தவறிய படத்தை மீட்டுத் தரும் வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

கஸ்தூரியார் வீதி ஸ்ரூடியோ:
தம்பி, முப்பது வருடமாகக் கலியாணம் எடுக்கிறேன். தாலிப் படம் தவறினால் நெஞ்சு என்ன பாடுபடும் என்று எனக்குத் தெரியும். ஆனால் மருந்தைச் சொன்ன நீர் அதன் விலையைச் சொல்லவில்லை.

திசைக்கு இடம் கொடுத்தால் கூர்மை குறையும். ரென் இங்கின் அந்தக் கமராவில் இருந்தது 4000க்கு 4000 பிக்சல் உணரி. வெளியே வந்த படம் 296க்கு 296. லைட்ரோவின் முதற் கமரா ஒரு கோடியே பத்து இலட்சம் ஒளிக்கதிர்களைப் பிடித்து 1080க்கு 1080 படம் தந்தது. என்னிடம் வருகிறவர்கள் கேட்பது 12க்கு 18 அங்குல அல்பம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று அச்சிட 3600க்கு 5400 பிக்சல் வேண்டும். லைட்ரோவின் படத்தை அந்தத் தரத்தில் அச்சிட்டால் மூன்றரை அங்குலத்துக்குச் சற்றுக் கூட வரும், அவ்வளவுதான்.

இதைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. என் 50 மில்லிமீற்றர் வில்லையை எஃப் 1.8 என்ற திறப்பளவில் வைத்தால் அதன் வாய் ஏறக்குறைய 28 மில்லிமீற்றர். கைத்தொலைபேசி வில்லையின் குவியத்தூரம் 5 மில்லிமீற்றர் என்று வையும். அதே எஃப் 1.8 இல் வாய் 2.8 மில்லிமீற்றர்தான். ஒளி எந்தத் திசையில் வந்தது என்பதை அந்த வாயின் ஒரு கரைக்கும் மறு கரைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டைக் கொண்டே அறிய வேண்டும். இரண்டு மூன்று மீற்றர் தள்ளி நிற்கும் மணமக்களை அவ்வளவு சிறிய இடைவெளியிலிருந்து பார்த்தால் வேறுபாடு என்ன தெரியப்போகிறது? ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோர்ப்பது போலத்தான். தவிர, அந்தத் தூரத்தில் கைத்தொலைபேசிப் படத்தில் பெரும்பாலும் எல்லாமே தெளிவாகத்தான் விழும். திருத்துவதற்கு அங்கே பிழை இல்லை.

கொக்குவில் கதிர்:
அண்ணை, வாய் சிறியது என்பதை ஏற்கிறேன். ஆனாலும் 2017 இல் வந்த கூகுள் பிக்சல் 2 கைத்தொலைபேசி என்ன செய்தது? ஒவ்வொரு பிக்சலையும் இரண்டு பாதியாகப் பிரித்து, வில்லையின் இடப்பக்க ஒளியையும் வலப்பக்க ஒளியையும் வேறாக்கி, எது கிட்ட, எது தூர என்ற ஆழத்தை ஒரே பின்பக்கக் கமராவால் கணித்தது. அதுவும் ஒளிப்புலத்தின் சிறு துண்டுதானே? ஒரு வில்லை போதாவிட்டால் பலவற்றைத் தள்ளித் தள்ளி வைக்கலாம். பெலிக்கன் இமேஜிங் என்ற நிறுவனம் 2013 இல் 16 சிறு கமராக்களை நான்குக்கு நான்காக அடுக்கிக் காட்டியது. நோக்கியா 9 பியூர்வியூ கைத்தொலைபேசி 2019 இல் ஐந்து கமராக்களோடு விற்பனைக்கே வந்தது.

கஸ்தூரியார் வீதி ஸ்ரூடியோ:
வந்தது. ஐந்தும் எடுத்ததை ஒரு படமாகச் சேர்க்கும் வரை எடுத்தவர் காத்திருக்க வேண்டியும் இருந்தது. தாலி கட்டும் இடத்தில் யார் காத்திருப்பார்கள்?

பிக்சல் 2 அந்த இரண்டு பாதிகளை மட்டும் நம்பவில்லை. ஆள் எது, பின்னணி எது என்று கணினிக்குப் பழக்கி, அந்த ஊகத்தையும் சேர்த்துத்தான் பின்னணியை மங்கலாக்கியது. இப்படி மங்கலாக்கிய படங்களை அச்சிடச் சொல்லிக் கொண்டுவருகிறார்கள். கொண்டையிலிருந்து விலகித் தொங்கும் மல்லிகைச் சரத்தைப் பெரிதாக்கிப் பாரும். இரண்டு பூ தெளிவாக இருக்கும், மூன்றாவது பாதியில் கரைந்திருக்கும், நான்காவது இருக்கவே இருக்காது. காதோரத்து முடியும் அப்படித்தான். ஒரு பெண்ணின் கலியாணப் படத்திலிருந்து பூவைக் கணினி தின்றுவிடுவதை என்னால் ஏற்க முடியாது.

குருநகர் வாசி:
விலையையும் பாருங்கள். 2014 இல் வந்த லைட்ரோவின் ‘இல்லம்’ (Illum) கமரா 1,599 டொலர். 2018 இல் நிறுவனமே மூடப்பட்டது.

அளவெட்டி வாசகி:
நான் படம் எடுப்பவள் அல்ல. வீடுகளில் கிடக்கும் ஏட்டுச்சுவடிகளைப் பதிவுசெய்கிறேன். அண்ணை சொன்னதில் ஓரிடம் எனக்கு உறுத்துகிறது. இரண்டு மூன்று மீற்றருக்கு உங்கள் கணக்குச் சரி. பத்துச் சென்ரிமீற்றரில்?

பழைய ஓலை நேராக இராது. ஓரம் சுருண்டு எழும்பும். எழுத்தாணி கீறிய தடத்தில் கரி தேய்த்தால்தான் எழுத்துத் தெரியும். கைத்தொலைபேசியைக் கிட்டே கொண்டுபோனால் நடுவில் நான்கு எழுத்துத் தெளிவு, சுருண்ட ஓரத்து எழுத்து மங்கல். அவ்வளவு கிட்டத்தில் 2.8 மில்லிமீற்றர் வாய்கூடப் பெரிய வாய்தான். கதிர் தம்பியின் தாலியும் கிட்டத்தில் நடந்த விடயம் என்பதை நீங்கள் கவனிக்கவில்லை.

கஸ்தூரியார் வீதி ஸ்ரூடியோ:
தங்கச்சி, தாலி அரை மீற்றரில் இருந்தது என்பதை நான் தவறவிட்டேன். அங்கே அவருடைய பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் ஓலை அசையாது. கமராவை முக்காலியில் வைத்து, குவியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திப் பத்துப் படம் எடுத்து, தெளிந்த பகுதிகளைக் கணினியில் சேர்க்கலாம். ஒரு பிக்சலும் இழக்கத் தேவையில்லை. 40 சென்ரிமீற்றர் நீள ஓலைக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி என்றால் கிட்டத்தட்ட 4700 பிக்சல் வேண்டும். லைட்ரோவின் 1080 இல் எழுத்தின் சுழிகள் பிரிந்து தெரியாமல் போகும்.

கொக்குவில் கதிர்:
முக்காலி இருந்தால் சரி. அக்கா போகும் வீடுகளில் ஓலையை ஒருவர் கையில் பிடித்திருப்பார், திண்ணையில் காற்று அடிக்கும். குழந்தையின் விரல், கற்பூரத் தட்டு, என் தாலிக்கொடி எல்லாமே கிட்டத்தில் இருப்பவை, அசைபவை. அங்கே பத்துப் படம் எடுக்க அவகாசம் இல்லை. பிரதான கமராவைத் தொடாமல், கிட்டப் படத்துக்கு மட்டும் ஒரு தனி ஒளிப்புல வில்லை. நான் கேட்பது இப்போது அவ்வளவுதான்.

அளவெட்டி வாசகி:
அப்படி ஒன்று வந்தால் கோப்பு எந்த வடிவத்தில் இருக்கும் என்பதை முதலில் கேளுங்கள். லைட்ரோவின் படங்களை இணையத்தில் குவியம் மாற்றிப் பார்க்கும் வசதி 2017 இல் நிறுத்தப்பட்டது. அதை நம்பி இணையத்தில் பகிர்ந்தவர்களுக்கு அங்கே குவியம் மாற்றும் வழி இல்லாமல் போனது. இருநூறு வருடம் கிடந்த ஓலையை எவரும் கையில் எடுத்து வாசிக்கலாம். அதன் பதிவைத் திறக்க ஒரு நிறுவனம் உயிரோடு இருக்க வேண்டும் என்றால் நான் அதைத் தொடமாட்டேன். எல்லா இடமும் தெளிந்த ஒரு படம், கூடவே ஆழத்தைக் காட்டும் ஒரு சாம்பல் நிறப் படம்; இரண்டும் சாதாரணக் கோப்பாக வெளியே வர வேண்டும்.

கஸ்தூரியார் வீதி ஸ்ரூடியோ:
சுருண்ட ஓலை ஒன்றை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை கடைக்கு வாரும், தங்கச்சி. தம்பி, நீர் உம்முடைய கைத்தொலைபேசியோடு வாரும். ஓலையை உம்முடைய கையில் தந்து, பத்துச் சென்ரிமீற்றரில் எத்தனை எழுத்து விழுகிறது என்று மூவரும் எண்ணுவோம்.